மின்சாரம் இல்லாமல் குளிர்காலம் முழுக்கத் தோட்டத்துக் காய்கறி

பிடுங்கி எடுத்த பிறகும் கேரட் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் எப்படிச் சுவாசித்ததோ அப்படியே பெட்டிக்குள்ளும் சுவாசிக்கிறது. தான் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது, கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. மின் இணைப்பே இல்லாத வீட்டில், தோட்டம் பனியில் புதைந்து கிடக்கும் குளிர்காலங்களைப் பல வருடமாகக் கழித்து வருகிறோம். காய்கறி சேமிப்பில் நான் கற்றுக்கொண்ட எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்ததுதான். அந்த உயிர் நீறு பூத்த நெருப்பு மாதிரி, அணையாமலும் கொழுந்துவிட்டு எரியாமலும் இருக்க வேண்டும். உறைந்துபோனால் செத்துவிடும், சூடு பட்டால் முளைக்கும், சுருங்கும், அழுகும்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காய்கறி சுவாசிக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சிலவற்றில் மூன்று மடங்கு ஆகிவிடும். அதனால் "கொஞ்சம் குளிராக இருந்தால் போதும்" என்று விட்டுவிட முடியாது. எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்பது ஒவ்வொரு காய்க்கும் வேறுபடும். கேரட், பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி, முட்டைக்கோஸ் இவற்றுக்கெல்லாம் 0 முதல் 4 டிகிரி வரையிலான குளிரும், 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் வேண்டும். உருளைக்கிழங்குக்கும் ஈரம் பிடிக்கும், ஆனால் குளிர் சற்றுக் குறைவாக, 4 முதல் 7 டிகிரி இருந்தால் நல்லது. வெங்காயமும் பூண்டும் குளிரைக் கேட்கும், ஈரத்தை வெறுக்கும். ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பூசணிக்குக் குளிரே ஆகாது. 10 முதல் 15 டிகிரி வரை, உலர்ந்த இடம்தான் அதற்குச் சரி. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் உள்ளுக்குள் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே அறையில் குவிக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். தனியாக நிலவறை கட்ட வேண்டும் என்று பலர் முதலிலேயே நினைத்துவிடுகிறார்கள். கட்ட முடிந்தால் நல்லதுதான். ஆனால் அதற்கு முன் வீட்டுக்குள்ளேயே எத்தனை விதமான குளிர் இருக்கிறது என்று பாருங்கள். அடுப்பு இல்லாத படுக்கையறை, கட்டிலுக்கடியில் இருக்கும் இடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்து, வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரி, வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் உள்ள இடைகழி, வண்டி நிறுத்தும் கொட்டகை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் இருக்கும். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தானாகக் குறித்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நாள் வைத்துப் பாருங்கள். இரவில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். நான் இதைச் செய்தபோது, ஈரம் மிகுந்த நிலவறையை விட மேல்மாடி மூலை வெங்காயத்துக்கு எவ்வளவோ மேல் என்று புரிந்தது. அன்றிலிருந்து வெங்காயம் அங்கேதான் தொங்குகிறது.

சேமிப்பு அறுவடையன்றே தொடங்கிவிடுகிறது. காயம் பட்ட காய் எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் நிற்காது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நான் எதையும் தோண்டுவதில்லை. மண் உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, கடப்பாரையைச் செடியிலிருந்து தள்ளி இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்திவிட்டு, கையால் எடுக்கிறேன். எடுத்ததைக் கூடையில் எறியாமல் அடுக்க வேண்டும். கழுவவே கூடாது. ஒட்டியிருக்கும் மண் காய்ந்ததும் கையால் தட்டிவிட்டால் போதும். அறுவடையை எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதிப்பதும் உண்டு, ஏனென்றால் இலையுதிர்காலத்துத் தொடக்கத்தில் நிலவறை இன்னும் கோடைச் சூட்டிலேயே இருக்கும். கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் லேசான உறைபனியைத் தாங்கும். பூசணி தாங்காது. ஒரே ஒரு இரவு உறைபனி பட்டாலும் அதன் தோலுக்குள் அழுகல் ஆரம்பமாகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் பூசணியை முதல் உறைபனிக்கு முன்பே பறித்துவிட வேண்டும்.

கேரட்டைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கை கொடுப்பது அதுதான். பிடுங்கிய உடனே தழையை வெட்டிவிட வேண்டும். விட்டால் தழை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 1 செ.மீ. காம்பு விட்டு வெட்டுகிறேன். பீட்ரூட்டுக்கு 3 செ.மீ. வரை விடுவது நல்லது. ஒட்ட வெட்டினால் சாறு வழியும். அடி வேரின் நுனியைக் கிள்ள வேண்டாம். மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ ஈர மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, கேரட்டை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மேலே மணல், மறுபடி கேரட், மறுபடி மணல் என்று போகலாம். தொடாமல் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று அழுகினால் அழுகல் அதோடு நின்றுவிடும், பக்கத்துக்குப் பரவாது. மணலின் ஈரத்தைக் கையால்தான் அளக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. குளிர்காலத்தின் நடுவில் மேல் அடுக்கு காய்ந்தால் கொஞ்சம் நீர் தெளிக்கலாம். மணல் கனம் என்பதால் பெட்டி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். நிரப்பிய பெட்டியைத் தூக்குவது முதுகுக்கு ஆகாது. மணல் கிடைக்காத இடத்தில் மரத்தூளோ, சற்று ஈரமான சருகோ போதும், ஆனால் மணல் அளவுக்குச் சீராக இருப்பதில்லை. இப்படி வைத்த கேரட் 4 முதல் 6 மாதம் வரை மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

உருளைக்கிழங்குக்கு இரண்டு கட்டம் உண்டு. தோண்டியதும் நேராகக் குளிரில் வைக்காமல், 10 முதல் 15 டிகிரி உள்ள இருட்டான, சற்று ஈரமான இடத்தில் இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் தோல் தடிக்கும், தோண்டும்போது பட்ட சிறு கீறல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். வெட்டுப்பட்டதைத் தனியாக எடுத்து முதலில் சமைத்துவிடுங்கள். அப்புறம்தான் 4 முதல் 7 டிகிரி. அதற்குக் கீழே போனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். கிழங்கு தித்திக்கும், வறுத்தால் கருத்துவிடும். அப்படி ஆகிவிட்டாலும் தூக்கி எறிய வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் பெரும்பகுதி சர்க்கரை குறைந்துவிடும். வெளிச்சம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும். அதோடு சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடும். சமைத்தாலும் அது போகாது. லேசான பச்சை என்றால் கனமாகச் சீவிவிடலாம், நிறையப் பச்சை ஏறியிருந்தாலோ கசந்தாலோ குப்பைக்குத்தான்.

வெங்காயத்தில் என்னை வியக்க வைத்தது, அது அதிகமாக முளைப்பது இதமான குளிரில்தான் என்பது. 0 டிகிரியை ஒட்டியும் நன்றாக உறங்கும், 25 டிகிரிக்கு மேலேயும் ஓரளவு உறங்கும். நடுவில் உள்ள 10, 15 டிகிரிதான் அதை எழுப்பிவிடுகிறது. பூண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் நிலவறை நல்ல இடம் என்று நினைத்து, கேரட்டோடு அதையும் இறக்கிவிடக் கூடாது. அங்கே ஈரம் வேர் விட வைக்கும், மிதமான குளிர் முளை விட வைக்கும். வெங்காயத் தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் பிடுங்கி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் காய விடுகிறோம். கழுத்து காகிதம் போல உலர்ந்து இறுகி, தொட்டால் சரசரக்க வேண்டும். கழுத்து தடித்து, அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வெங்காயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிற்காது, அதை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடுகிறோம். காரம் மிகுந்த வகைகள் நீண்ட நாள் தாங்கும். பெரிதாக, இனிப்பாக, சாறு நிறைந்து இருப்பவை சீக்கிரம் போகும். விதை வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். பூண்டிலும் நடுத்தண்டு மென்மையாக உள்ள வகை, கெட்டித்தண்டு வகையை விடச் சில மாதம் கூடுதலாக நிற்கும்.

பூசணி எளிது. காம்பைச் சில அங்குலம் விட்டு வெட்டுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடம்தான் அழுகலுக்கு வாசல். நகத்தால் அழுத்தினால் தோல் உள்ளே போகக்கூடாது, அதுதான் முற்றியதற்கு அடையாளம். வெதுவெதுப்பான இடத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்துத் தோலை இறுக விட்டு, பிறகு படுக்கையறைக் கட்டிலுக்கடியில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் சரி. பட்டர்நட் வகை, வைக்க வைக்க இன்னும் இனிப்பாகும்.

முட்டைக்கோஸை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிடலாம், அல்லது ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைக்கலாம். மேல் இலைகள் வாடி உலர்ந்தாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். இதன் வாடை பலமாக இருக்கும், வீட்டுக்குள் வைக்காதீர்கள். கொட்டகை போதும்.

ஆப்பிள் மரம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை விடும். கேரட் பக்கத்தில் இருந்தால் அதில் கசப்பு ஏறிவிடும், முட்டைக்கோஸின் இலைகள் மஞ்சளாகி உதிரும். தனி அறையே வேண்டும். ஒரே அறையின் எதிர் மூலைகள் போதாது.

நிலவறை இருப்பவர்களுக்கு அதை நடத்துவதே ஒரு தனி வேலை. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். சூடான காற்று மேலே ஏறும். அதனால் வெளிக்காற்று உள்ளே வரும் குழாய் தரையை ஒட்டி முடிய வேண்டும், உள்காற்று வெளியேறும் துளை எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி இருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் இரவில் இரண்டையும் திறந்து, விடிந்ததும் மூடுகிறேன். இதைத் தவறாமல் செய்தால், வெளியே பகல் இன்னும் இதமாக இருக்கும்போதே உள்ளே மண்ணும் சுவரும் குளிரத் தொடங்கிவிடும். காய்கறியை இறக்குவதற்கு முன்னாலேயே அறையைக் குளிரவைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தரை மண்ணாக இருந்தால் ஈரம் தானாகவே கிடைக்கும், சிமென்ட் தரை என்றால் அவ்வப்போது நீர் தெளிக்கலாம். கூரையில் நீர் முத்து முத்தாகத் திரண்டு கீழே சொட்டுகிறது என்றால் காற்றோட்டம் போதவில்லை. அலமாரிகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

கடும் குளிரில் உள்ளே உறைந்துவிடுமோ என்ற பயம் வரும்போது நான் நம்புவது தண்ணீரைத்தான். நிலவறைத் தரையில் அகலமான தொட்டிகளில் நீர் நிரப்பி வைத்திருக்கிறோம். ஒரு கிலோ நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடும். 20 லிட்டர் தொட்டி முழுதும் உறைந்தால் 1,600 கிலோகலோரி. காய்கறிகளின் சாற்றில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அவை 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறைகின்றன. கேரட் சுமார் மைனஸ் 1.4-இல். அதனால் தொட்டி நீர் முதலில் உறைகிறது, அது விடும் வெப்பம் அறையை 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. வெளியே குளிர் உச்சத்தில் இருந்த வாரங்களில் தொட்டிகளின் மேலே பனிக்கட்டித் தகடு படிந்திருக்கும், பக்கத்துப் பெட்டியில் கேரட் பத்திரமாக இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும்போது நீர் விரிந்து தொட்டியை உடைத்துவிடும். சூடேற்றுகிறேன் என்று கரியடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ நிலவறைக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். காய்கறிகள் சுவாசிப்பதாலும் அழுகுவதாலும், காற்றோட்டமில்லாத மூடிய அறையில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு சேரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த ஆழமான அறைக்குள், அதுவும் கிழங்கு அழுகும் நாற்றம் வந்தால், சட்டென்று இறங்காதீர்கள். கதவையும் துளைகளையும் நன்றாகத் திறந்து வைத்து, காற்று மாறிய பிறகு, வெளியே ஒருவர் நிற்க இறங்குங்கள். குழந்தைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

நிலவறை இல்லாவிட்டால் தோட்டமே நிலவறை. கேரட், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெள்ளைக் கிழங்கு), லீக் (வெங்காய இனத்துச் செடி) இவற்றை மண்ணிலேயே விட்டு, நிலம் உறைவதற்கு முன் ஓர் அடி உயரத்துக்கு வைக்கோலோ சருகோ போட்டு மூடலாம். மேலே பனி விழுந்தால் இன்னும் நல்லது, பனியும் ஒரு போர்வைதான். பார்ஸ்னிப்பைக் குளிர் பட்ட பிறகு தோண்டினால் சுவையே வேறு. மாவுச்சத்து சர்க்கரையாகி இருக்கும். எங்கே என்ன இருக்கிறது என்று உயரமான குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், பனிக்கடியில் வரிசை தெரியாது. தோண்டி எடுத்தவற்றுக்கு மண்மேடு போடலாம். நீர் தேங்காத மேட்டு நிலத்தில் வைக்கோலைப் பரப்பி, கிழங்குகளைக் கூம்பாகக் குவித்து, ஒரு சாண் கனத்துக்கு வைக்கோல் மூடி, அதற்கு மேல் ஒரு சாண் மண் போட்டு மண்வெட்டியால் தட்டிவிட வேண்டும். உச்சியில் ஒரு கொத்து வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூடும் ஈரமும் அதன் வழியே வெளியேறும். சுற்றிலும் நீர் வடிய வாய்க்கால். பெரிய மேடு ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன மேடுகள் பல போடுவது மேல். கடுங்குளிரில் ஒன்றைத் திறந்தால் அதை மறுபடி சரியாக மூடுவது கடினம், முழுதையும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டியதாகிவிடும்.

எலி எல்லா இடத்துக்கும் வரும். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் துளை போதும். காற்றுத் துளைகளிலும் பெட்டி மூடிகளிலும் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை அடிப்பதுதான் எங்களுக்குப் பலன் தந்தது. பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும்.

வாரம் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் பார்க்கிறோம். எல்லாவற்றையும் கிளற வேண்டியதில்லை. முதலில் மோந்து பார்ப்பதே பாதி வேலை. அழுகலின் வாடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். மென்மையானதை, புள்ளி விழுந்ததை, முளை எட்டிப் பார்ப்பதை அன்றைக்கே சமையலுக்கு எடுக்கிறோம். நல்லதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கெட்டுப்போகப் போவதை விட்டுவைப்பது மனித இயல்பு, ஆனால் அப்படிச் செய்தால் குளிர்காலம் முழுக்கக் கெட்டுப்போகப் போவதையே சாப்பிட வேண்டிவரும். பலவீனமானது முதலில், உறுதியானது கடைசியில் என்ற வரிசையை வீட்டில் எல்லாரும் பின்பற்ற வேண்டும்.

வைத்திருக்க முடியாத அளவுக்கு முட்டைக்கோஸ் விளைந்தால் புளிக்கவைக்கிறோம். ஒரு கிலோ நறுக்கிய முட்டைக்கோஸுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு; பிசைந்து ஜாடியில் அழுத்தி, அதன் சாற்றுக்குள்ளேயே மூழ்கி இருக்குமாறு மேலே பாரம் வைத்து, 18 முதல் 22 டிகிரியில் மூன்று நான்கு வாரம் விட்டால் புளித்துவிடும். பிறகு நிலவறைக் குளிரில் மாதக்கணக்கில் இருக்கும். சாற்றுக்கு மேலே எட்டிப் பார்ப்பது மட்டும்தான் பூஞ்சை பிடிக்கும்.

புளிப்பில்லாத காய்களைப் பாட்டிலில் அடைத்து, கொதிநீரில் வேகவைத்துச் சேமிக்கும் முறையை மட்டும் கைக்கொள்ளாதீர்கள். போட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரியில் சாகாது. பாட்டிலில் அடைப்பதற்கென்றே உள்ள அழுத்தக் கலம் வேண்டும், அதில் 116 டிகிரிக்கு மேல் வெப்பம் எட்ட வேண்டும். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. கெட்டுப்போன கேரட்டை மூக்கு காட்டிக்கொடுக்கும். இந்த நச்சுக்கு மணமோ ருசியோ இல்லை.

குளிர் விலகி நிலவறைச் சூடு ஏறத் தொடங்கியதும் மீதி எதுவும் நிற்காது. அப்போது முளைவிட்ட உருளைக்கிழங்கில் திடமாக இருப்பதை விதைக்கு எடுக்கிறோம். கேரட்டும் பீட்ரூட்டும் இரண்டாம் வருடம் பூக்கும் செடிகள் என்பதால், பெட்டியில் கடைசி வரை உறுதியாக நின்றவற்றை மண்ணில் நட்டு விதை எடுக்கலாம். நீண்ட நாள் தாங்கும் குணம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்க அதை விட நல்ல வழி கிடையாது. பக்கத்தில் காட்டுக் கேரட் பூக்கும் இடமென்றால் இரண்டும் கலந்துவிடும், அங்கே கேரட் விதை எடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் காலி ஆனதும் பெட்டிகளையும் அலமாரிப் பலகைகளையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போடுகிறோம். பழைய மணலைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு அடுத்த வருடத்துக்குப் புது மணல் கொண்டுவருகிறோம். இலையுதிர்காலம் வரும்வரை நிலவறையின் கதவும் துளைகளும் திறந்தே இருக்கும்.